சோடா மாமாவின் துண்டு

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் ஸ்கேன் அறையில், கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கியில் வெள்ளைத் துண்டு ஒன்று தொங்குகிறது. ஓரத்தில் பச்சைக் கரை. துவைத்துத் துவைத்து நூல் மெலிந்து, கையில் எடுத்தால் மெத்தென்று இருக்கும். வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே அதை ஜெல் துடைக்கிற துணி என்று நினைத்து எடுத்துவிடுவார்கள். நான் பதறிப்போய் வாங்கி மறுபடியும் கொக்கியில் மாட்டுவேன். டாக்டருக்கு இந்தக் கிழிசலில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என் காதில் விழுந்திருக்கிறது. ஏதாவது சாமி சமாச்சாரமாக இருக்கும் என்று ஒருத்தி முடிவே கட்டிவிட்டாள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. அது என் மாமனாரின் துண்டு.

மாமாவுக்குக் கடலூர் முதுநகரில் சோடா கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டை ஒட்டி ஓடு போட்ட ஒரு கொட்டகை. அதற்குள் பாட்டில்களைச் சுழற்றிச் சுழற்றிக் காற்றேற்றும் ஒரு மெஷின், ஆள் உயரத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர், பாட்டில் கழுவ ஒரு சிமெண்டுத் தொட்டி, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொட்டகையிலிருந்து புறப்படுகிற கோலி சோடாவும் பன்னீர் சோடாவும் மாவட்டம் முழுக்கச் சுற்றிவரும். லால்பேட்டையில் கல்யாணம் என்றால் பிரியாணிக்குப் பின்னால் மாமாவின் பன்னீர் சோடாதான் வைக்க வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்தில் தேர் என்றால் வேன் நிறையப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அவரே கிளம்பிவிடுவார். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் சோடாக்காரர், சொந்தத்தில் எல்லோருக்கும் சோடா மாமா.

வயிற்றில் என்ன கோளாறு என்றாலும் அவரிடம் மருந்து ஒன்றுதான். வயிற்று வலியா, ஒரு சோடா. பசி எடுக்கவில்லையா, ஒரு சோடா. பசி ரொம்ப எடுக்கிறதா, அதற்கும் ஒரு சோடா. தன் சரக்கின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, எங்கள் மருத்துவப் புத்தகங்களின் மேல் எங்களுக்கே இருந்ததில்லை.

2006இல் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். அப்போது நான் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஸ்கேன், எக்ஸ்ரே பிரிவில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் பாதி நாள் விடுதி, மீதி நாள் முதுநகர். என் கணவருக்கு நெய்வேலியில் வேலை. டாக்டர் மருமகள் வந்திருக்கிறாள் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஆனால் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த வீட்டு வழக்கம் அது. மாமனார் மருமகள் எதிரே வெற்று உடம்போடு இருக்கக்கூடாது, உள்ளே வருவதற்கு முன் தொண்டையைச் செருமிவிட்டு வரவேண்டும், மருமகளும் அவர் முன்னால் உட்காரக்கூடாது. கொட்டகையில் மேல்சட்டை இல்லாமல் மெஷின் பக்கம் நிற்கிறவர், நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவது தெரிந்தால் போதும், அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் பச்சைக் கரைத் துண்டையும் போர்த்திக்கொள்வார்.

பேச வேண்டியதை எல்லாம் அத்தை வழியாகத்தான் பேசுவார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருப்பேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து, “டாக்டரம்மா சாப்ட்டாங்களான்னு கேளு” என்பார்.

“இங்கதான நிக்குது. நீங்களே கேட்டாத்தான் என்ன?” என்று அத்தை சலித்துக்கொள்வார்.

“கேளுன்னா கேளேன்.”

நான் சாப்பிட்டுவிட்டேன் என்று அத்தையைப் பார்த்துச் சொல்வேன். சாப்ட்டாங்களாம் என்று அத்தை அவரைப் பார்த்துச் சொல்வார். மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருப்போம். ஆரம்பத்தில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நாளில், அந்தச் சுற்றுவழியில் வரும் விசாரிப்புக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன்.

என் முகத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத முகம் எனக்கு. புகுந்த வீட்டில் முதல் நாள் மீன் குழம்பு. நான் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது அத்தை என்று சொன்னேன். கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது: “புளி ஜாஸ்தின்னு அந்தப் பொண்ணு மூஞ்சியே சொல்லுது. அடுத்த வாட்டி கொறச்சுப் போடு.” அன்றிலிருந்து அந்த வீட்டில் சீட்டாட உட்கார்ந்தால் என்னைத் தங்கள் அணியில் சேர்க்க எல்லோரும் பயப்படுவார்கள். நல்ல சீட்டு வந்தாலும் தெரிந்துவிடும், கெட்ட சீட்டு வந்தாலும் தெரிந்துவிடும்.

வீட்டில் இது சிரிப்பு. வேலையில் சங்கடம். எங்கள் துறையின் பேராசிரியர் மேடம் இதற்காகவே என்னைக் கடிந்துகொள்வார். ஸ்கேன் மேஜையில் படுத்திருக்கிறவர்கள் திரையைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவர்களுக்கு அதில் ஒன்றும் புரியாது. அவர்கள் பார்ப்பதெல்லாம் டாக்டரின் முகத்தைத்தான். புருவம் கொஞ்சம் சுருங்கினாலும் அவர்களுக்கு உயிர் போய்விடும். மேடத்தின் முகம் அரசாங்க அலுவலகச் சுவர் மாதிரி, எதையும் காட்டாது. நானும் விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். அறையில் இருந்த தோழிகள் விழுந்து விழுந்து சிரித்ததுதான் மிச்சம்.

என் ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருளும் வயிறுதான். குடலில் கட்டி இருக்கிறவர்களுக்கு, அந்தக் கட்டிக்குப் போகிற ரத்தக் குழாய்களை ஸ்கேனில் பார்த்து எழுத வேண்டும். சாதாரண ஸ்கேன் கறுப்பு வெள்ளையில் உருவத்தை மட்டும் காட்டும். டாப்ளர் என்ற பொத்தானைத் தட்டினால் உள்ளே ஓடுகிற ரத்தத்துக்கு நிறம் வந்துவிடும். நம் கையில் இருக்கும் கருவியை நோக்கி வருகிற ரத்தம் சிவப்பு, விலகிப் போகிற ரத்தம் நீலம். நல்ல குடலின் சுவரில் தேடித் தேடிப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் தெரியும். புற்றுநோய்க் கட்டி அப்படி இல்லை. அது தனக்குத் தீனி வேண்டும் என்று புதிது புதிதாக ரத்தக் குழாய்களை இழுத்துக்கொள்ளும். அவை கோணல்மாணலாக, ஒரு வரிசை இல்லாமல் மண்டிக் கிடக்கும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. குடலிலிருந்து ரத்தத்தை எடுத்துப் போகிற பெரிய குழாய் ஒன்று வயிற்றுக்குள் ஆழத்தில் ஓடுகிறது. கட்டி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, விலகி இருக்கிறதா? விலகி இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். பிடித்துக்கொண்டிருந்தால் சர்ஜன் கையைப் பிசைவார். புற்றுநோய்தான் என்று உறுதியாகச் சொல்ல ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். ஆனாலும் எந்தப் பக்கம் போகலாம் என்று வழிகாட்டுகிற வேலை எங்களுடையது.

கல்யாணமான அடுத்த வருஷம் மாமா இளைக்கத் தொடங்கினார். வேட்டியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டினார். ஒரு கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர், கொட்டகைக்கும் வாசலுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். முகம் வெளுத்துப்போயிருந்தது. வயிறு பொருமுகிறது என்றும் வலப்பக்கம் ஏதோ இழுக்கிறது என்றும் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். படிக்கிற பெண்ணைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று எனக்குச் சொல்லாமல், நான் விடுதியில் இருந்த சமயத்தில் கடலூரிலேயே ஒரு இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் காற்று அதிகமாக இருப்பதால் குடல் சரியாகத் தெரியவில்லை, மறுபடி எடுக்கவும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த மாதம் மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதையேதான் எழுதினார்கள்.

டாக்டர்களான எங்களுக்கு அது ஒன்றும் தெரியாமல் போன ஸ்கேன். மாமாவுக்கு அது முடிவு. என்னமோ ஏதோ என்று பயந்தோம், கடைசியில் வெறும் வாயுதானாம் என்று கொட்டகைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார். வாயுவுக்கு மருந்து கைவசம் இருக்கும்போது வேறு கவலை எதற்கு? வேளைக்கு இரண்டு சோடாவாக உடைத்துக் குடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அத்தை என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய் இதைச் சொன்னார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஸ்கேனுக்குப் போன அன்று காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன்.

“வெறும் வயித்தோட வரச் சொன்னாங்கன்னு ஒண்ணுமே துன்னலம்மா. வயிறு சுத்தமா இருக்கணும்னு ரெண்டு கோலி சோடா மட்டும் குடிச்சிட்டு வந்தாரு. உள்ள கூப்புடற வரைக்கும் ஏப்பம்தான் வுட்டுக்கிட்டு இருந்தாரு.”

“ரெண்டாவது தடவையும் அப்படியேவா அத்தை?”

“அன்னிக்கி மூணு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கேனுக்குக் காற்றுதான் பரம விரோதி. நாங்கள் உள்ளே அனுப்பிப் பார்க்கிற ஒலி காற்று இருக்கும் இடத்தில் நுழையாது, திரை முழுக்க வெள்ளைப் புகைதான் தெரியும். உலகத்தில் எவனும் செய்யாத காரியமாக, மனிதர் காற்றைப் பாட்டிலில் அடைத்து, அதையும் பாட்டில் பாட்டிலாக உள்ளே இறக்கிவிட்டு மேஜையில் போய்ப் படுத்திருக்கிறார். நான் சிரிக்க, என்னைப் பார்த்து அத்தையும் சிரித்தார். சிரித்து முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. அப்படியானால் அந்த வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை யாருமே பார்க்கவில்லை. வெளுத்த முகம், மூச்சு வாங்குதல், வலப்பக்கம் இழுப்பு எல்லாம் வரிசையாக நின்றன. அத்தை சிரிப்பை நிறுத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அண்ணாமலை நகருக்கே வரச் சொல்லலாம், மேடத்தைப் பார்க்கச் சொல்கிறேன் என்று நான் ஏற்பாடு செய்தேன். அப்போதுதான் யாரும் எதிர்பாராத விஷயம் நடந்தது. மாமா கூடத்திலிருந்து, “யாரோ எதுக்குப் பாக்கணும்? நம்ம டாக்டரம்மா பாக்க மாட்டாங்களான்னு கேளு” என்றார்.

மருமகள் முன்னால் சட்டையைக் கழற்றாத மனிதர். வயிற்றைக் காட்டிக்கொண்டு எப்படிப் படுப்பார் என்று அத்தை அவரிடமே கேட்டார்.

“மூஞ்சிய துண்டால மூடிக்கிறேன். அப்ப அங்க படுத்துக் கெடக்கறது மாமனாரு இல்ல, வெறும் வயிறு. வயித்த யாரு வேணா பாக்கலாம்.”

வீடே சிரித்தது. என் கணவர் நெய்வேலியில் தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தார். சோடா மாமா வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டு ஸ்கேன் எடுக்கப்போகிறார் என்பது சொந்தம் முழுக்கப் பரவிவிட்டது. அவரும் அதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

நான் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: முந்தின நாளிலிருந்து கஞ்சி மட்டும், சோடா வாசனையே கூடாது. காவலுக்கு அத்தை. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வந்த கதையை அத்தை சொல்லிக் கேட்க வேண்டும். முட்லூரில் பஸ் நின்றதாம். எதிரே இருந்த பெட்டிக்கடைக்கு மாமாவின் சரக்குதான் போகிறது. பாட்டிலை வெயிலில் அடுக்கி வைத்திருக்கிறானா, நிழலில் வைத்திருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்திருக்கிறார். அத்தை அவருடைய துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். “தூரத்துலேர்ந்து பாத்தாப் போதும், ஒக்காருங்க” என்றிருக்கிறார். கண்டக்டர் முதற்கொண்டு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். சிதம்பரம் வந்து சேரும் வரைக்கும் துண்டின் ஒரு நுனி அவர் தோளிலும் மறு நுனி அத்தையின் கையிலும் இருந்திருக்கிறது.

எங்கள் ஸ்கேன் அறை கொஞ்சம் இருட்டாக இருக்கும். திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக விளக்கை அணைத்து வைப்போம். மாமா உள்ளே வந்தார். தொண்டையைச் செருமினார். என்னைப் பார்க்காமல் மேஜையில் ஏறிப் படுத்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, துண்டை உதறி நெற்றியிலிருந்து கழுத்து வரை போட்டுக்கொண்டார். மேடம் எனக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜெல்லை வயிற்றில் வைத்ததும் துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஐஸ்ல வச்ச பன்னீர் சோடா மாதிரி இருக்கும்மா.”

அதுதான் அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம். கேளு இல்லை, டாக்டரம்மா இல்லை, அவுங்க இல்லை. கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் மாமா என்றேன்.

அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். கோலி பாட்டிலின் கழுத்து ஏன் நெளிந்திருக்கிறது என்று சொன்னார். லால்பேட்டைக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை சோடா உடைக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னார். நான் ம், ம் என்று சொல்லிக்கொண்டே தேடினேன். இந்த முறை புகை இல்லை. குடல் சுத்தமாகத் தெரிந்தது. நல்ல குடலைக் கருவியால் அழுத்தினால் அமுங்கிக் கொடுக்கும். வலப்பக்கம் வந்ததும் ஓர் இடம் அமுங்கவில்லை. சுவர் விரல் தடிமனுக்கு வீங்கி, வளையம் போல நின்றது. வயிற்றில் காசநோய் வந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காசநோய் என்றால் மாத்திரையோடு போய்விடும். அது காசநோயாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டே டாப்ளர் பொத்தானைத் தட்டினேன்.

திரை நிறத்தால் நிறைந்தது. தடித்த சுவருக்குள் சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்றாக, கண்டபடி மண்டிக் கிடந்தன. ஆராய்ச்சிக்காக நான் பார்த்திருந்த அத்தனை கட்டிகளிலும் இவ்வளவு தெளிவான படம் எனக்குக் கிடைத்ததில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை கருவியில், ஒரு கை பொத்தானில். கன்னம் வழியாக வழிந்து தாடையிலிருந்து சொட்டியது. வாய் கோணியது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மேடம் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார். கருவியைத் தான் வாங்கிக்கொள்ளட்டுமா என்று சைகையால் கேட்டார். நான் தலையாட்டி மறுத்தேன். துண்டுக்கு அடியில் மாமா ஸ்ரீமுஷ்ணம் தேரில் பெட்டி காணாமல் போன கதையில் இருந்தார்.

பெரிய குழாயைப் பார்த்தாக வேண்டும். கருவியை உள்பக்கம் நகர்த்தினேன். குழாய் நீலமாக ஓடியது, ஓட்டத்தில் தடை இல்லை. ஆனால் கட்டியின் ஓரம் அதன் மேல் சாய்ந்த மாதிரி இருந்தது. ஒட்டியிருக்கிறதா, வெறுமனே பக்கத்தில் இருக்கிறதா? ரத்த ஓட்டம் காதில் கேட்கும்படி மெஷினின் சத்தத்தைத் திறந்து வைத்தேன். அறை முழுக்க உஸ், உஸ் என்று கேட்டது.

கதை நின்றது. “இன்னாம்மா சத்தம்? நம்ம மெஷின் ஓடற மாதிரியே கேக்குது.”

“உங்க ரத்தம் ஓடற சத்தம் மாமா.”

“இவ்ளோ சத்தமாவா ஓடுது? அப்ப சரக்கு ஸ்ட்ராங்காத்தான் இருக்கு.”

“மூச்ச நல்லா இழுத்து வுடுங்க மாமா.” எனக்கே தெரியாமல் அந்த வீட்டுப் பேச்சு என் வாயில் வந்திருந்தது.

அவர் மூச்சை இழுத்தார். திரையில் கட்டி கீழே இறங்கியது. குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. மூச்சை விட்டார். கட்டி மேலே வந்தது. குழாய் நகரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடியது. ஒட்டவில்லை. நான் இன்னொரு முறை இழுக்கச் சொன்னேன். அதற்கப்புறம் தேவையே இல்லாமல் இன்னும் ஒரு முறை. எடுக்க முடியும் என்று மேடம் என் காதருகே சொன்னார். நான் அழுதுகொண்டேதான் சிரித்தேன். அந்த முகத்தை யாராவது பார்த்திருந்தால் பயந்துபோயிருப்பார்கள்.

மாமா எழுந்திருக்கும்போது நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பி நின்றேன். அவர் அந்தத் துண்டாலேயே வயிற்று ஜெல்லைத் துடைத்துவிட்டு, பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் அத்தை நின்றுகொண்டிருந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். மாமா பழையபடி ஆகிவிட்டிருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு அத்தையிடம், “வெட்டி எடுக்க முடியுமா முடியாதான்னு கேளு” என்றார்.

கட்டி என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அத்தை என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்க்காமல், “முடியும் மாமா” என்று அவரிடமே சொன்னேன்.

அவர் தலையாட்டினார். “சோடா குடிக்கலாமான்னு கேளு” என்றார்.

பரிசோதனைக்கு எடுத்த துணுக்குச் சதையும் புற்றுநோய் என்றேதான் சொன்னது. ஆபரேஷன் அங்கேயே நடந்தது. பெரிய குழாய்க்குப் பக்கத்தில் கட்டி தோசைக் கல்லிலிருந்து தோசை கிளம்புகிற மாதிரி பிரிந்து வந்துவிட்டது என்று சர்ஜன் வெளியே வந்து சொன்னபோது, அத்தை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றுவிட்டார். அப்புறம் சில மாதங்கள் ஊசி, மருந்து, வாந்தி, முடி கொட்டுதல் எல்லாம் இருந்தது. அதையும் அவர் கடந்து வந்தார். மெஷின் பக்கம் மறுபடி நின்றார். சட்டையை அவசரமாக மாட்டிக்கொள்வதும், கேளு என்று அத்தையை நடுவில் நிறுத்துவதும் அப்படியே தொடர்ந்தன. ஒவ்வொரு வருஷமும் மறு பரிசோதனைக்கு வருவார். ஈரலில் ஏதாவது வந்திருக்கிறதா, குடலில் மறுபடி ஏதாவது தடித்திருக்கிறதா என்று நான் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் துண்டு முகத்தின் மேல் விழும். துண்டு விழுந்ததும் பேச்சு தொடங்கும். வருஷத்துக்கு ஒரு நாள் நானும் அவரும் நேராகப் பேசிக்கொள்கிற நாள் அது.

2012இல் நான் மஞ்சக்குப்பத்தில் சொந்தமாக இந்த ஸ்கேன் அறையைத் தொடங்கியிருந்தேன். ஆபரேஷன் ஆகி ஐந்து வருஷம் முடிகிற அந்தப் பரிசோதனை முக்கியமானது. இதில் தெளிவாக இருந்துவிட்டால் பெரும்பாலும் ஆபத்தைத் தாண்டியாயிற்று என்று சர்ஜன் சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. மாமா வந்தார், செருமினார், படுத்தார், பொத்தான்களைக் கழற்றினார். துண்டை எடுத்து நாலாக மடித்துத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“துண்டு மாமா?”

“இன்னிக்கி வேணாம்.”

“வெக்கமெல்லாம் போயிடுச்சா?” என்று நான் துணிந்து கேட்டேன்.

“வெக்கம் யாருக்கு? காலமெல்லாம் வெத்து ஒடம்போட சோடா சுத்தனவன் நான்.” தலைக்கு அடியில் துண்டைச் சரிசெய்துகொண்டார். “ஒன் மூஞ்சிதான் எதையும் மறைக்காதே. அன்னிக்கி நான் அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தா நீ மெஷினப் பாப்பியா, மூஞ்சியப் பாத்துக்குவியா? நீ பாட்டுக்குப் பாக்கட்டும், அழுவறதுன்னாலும் அழுவட்டும்னுதான் மூடிக்கிட்டேன். ஜெல்லு ஒரே எடத்துல ஜில்லுனு இருந்திச்சி, அப்பறம் பக்கத்துல ஒரு சொட்டு சூடா வுழுந்திச்சி. ரெண்டும் எனக்குத் தெரியாதா?”

லால்பேட்டை மாப்பிள்ளையும் ஸ்ரீமுஷ்ணம் தேரும் எனக்கு நினைவுக்கு வந்தன. தன் வயிற்றில் சூடாக ஒரு சொட்டு விழுந்த பிறகும் மனிதர் கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறார். சொந்தம் முழுக்கச் சிரித்ததையும் தாங்கிக்கொண்டிருக்கிறார்.

“அப்ப இன்னைக்கு மட்டும் ஏன் மாமா?”

“இன்னிக்கிப் பாத்துடலாம்னுதான் வந்திருக்கேன். நீ பாரு.”

அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. நான் கருவியை வைத்தேன். ஈரலை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். அதன் ரத்தக் குழாய்களில் நிறம் போட்டுப் பார்த்தேன். குடல் தைத்திருந்த இடத்தை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று அமுங்கியது. பெரிய குழாய் நீலமாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, சொல்லலாம் என்று நான் திரும்பினேன். மாமா ஏற்கனவே எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நான் இன்னும் சொல்லவே இல்லையே மாமா.”

“அதான் சொல்லிட்டியே” என்றார்.

வெளியே போய் அத்தையிடம் என்ன சொன்னாரோ, அத்தை சத்தமாகச் சிரிப்பது உள்ளே கேட்டது. மேஜையில் துண்டு மடித்தது மடித்தபடி கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமா வாங்கிக்கொள்ளவில்லை. அத்தை பக்கம் திரும்பி, “அது அங்கியே இருக்கட்டும், யாருக்காவது வேண்டியிருக்கும்னு சொல்லு” என்றார்.

மாமா இப்போதும் முதுநகரில்தான் இருக்கிறார். சோடாவும் குடிக்கிறார். துண்டு இங்கே கொக்கியில் இருக்கிறது. என் அறையில் இப்போது புது மெஷின். படுத்திருக்கிறவர்கள் பார்ப்பதற்கென்றே சுவரில் தனியாக ஒரு திரையும் மாட்டியிருக்கிறேன். யாரும் அதைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். என் முகம் இன்னும் திருந்தவில்லை. சில நாள், கருவியை வைத்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு இந்த முகத்தை நம்ப முடியாது என்று. அப்போது ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய், கதவுக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்து வருவேன். விளக்கு கண்ணைக் கூசும், இதைக் கொஞ்சம் முகத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போர்த்திவிட்டு, அவர்களிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே பார்ப்பேன். சாயங்காலம் அதை நானே துவைத்துக் காயப்போடுவேன். ஸ்கேன் அறையில் விளக்கு எரிவதில்லை. இதுவரை யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.